டீசல் டேங்குக்கு ஒரு பூட்டு

நான் டீசல் திருடவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ஏனென்றால் யாரிடம் இதைச் சொன்னாலும் பாதியில் என்னை ஒரு பார்வை பார்க்கிறார்கள். 'சரிம்மா, கொஞ்சமாவது எடுத்திருப்பே இல்ல?' என்று கேட்கிற பார்வை அது. எடுக்கவில்லை. ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. இனி கேளுங்கள்.

நான் ஓட்டுவது பதினெட்டு சீட்டு வேன். காலையில் ஆறு மணிக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள வேன் ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டு, வழியில் உள்ள ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, திண்டிவனத்தைத் தாண்டி இருக்கிற ஒரு ஷூ கம்பெனியில் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் அதே பெண்களைத் திரும்ப அழைத்து வருவேன். அவலூர்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து என் வண்டியில் ஏறுகிறவர்களும் உண்டு. போகவரச் சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர். வண்டி என்னுடையதில்லை. அதன் சொந்தக்காரருக்கு மொத்தம் மூன்று வேன். ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் முதலாளி, எனக்கும் முதலாளி.

எங்கள் ஸ்டாண்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால், சாப்டியா என்று கேட்பதற்கு முன்னால் 'எவ்ளோ குடுக்குது?' என்றுதான் கேட்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். என் வண்டி பதினொன்று கொடுத்துக்கொண்டிருந்தது. ஏ.சி. போட்டு, பதினெட்டுப் பேரும் டிபன் கூடையோடு உட்கார்ந்து, பதினொன்று. அதே மாடல் வண்டியை ஓட்டுகிற ஆம்பிளைகள் பத்தரைக்கு மேல் எடுத்ததில்லை. நான் அறுபதைத் தாண்ட மாட்டேன். எஞ்சின் திணறுவதற்கு முன்னால் கியரைக் குறைப்பேன், உறுமுவதற்கு முன்னால் கூட்டுவேன். தூரத்தில் மாடு தெரிந்தாலே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும். பேச்சில் எனக்குப் பொறுமை கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எங்கிருந்தோ வந்துவிடும்.

மைலேஜ் பார்க்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது, பெட்ரோல் பங்கில் டேங்கை வாய்வரைக்கும் நிரப்புவோம். நுரை அடங்குகிற மாதிரி வண்டியைப் பக்கவாட்டில் நான்கு பேர் பிடித்துக் குலுக்குவார்கள். குலுக்கினால் இன்னும் அரை லிட்டர் இறங்கும், மறுபடி குலுக்குவார்கள், மறுபடி ஊற்றுவார்கள். அடுத்த சனிக்கிழமை அதே பங்கில், அதே பம்பில், அதே குலுக்கல். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதை மீட்டர் காட்டுகிற கிலோமீட்டரோடு சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்ற வண்டிகளைக் குலுக்கப் பங்கில் ஆள் தேட வேண்டும். என் வண்டியை என் பெண்களே இறங்கிக் குலுக்குவார்கள். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த கால்களோடு, சிரித்துக்கொண்டே குலுக்குவார்கள்.

தை மாதம் டயர் தேய்ந்துபோயிற்று. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். நான் இருக்கிற சிங்கவரத்துக்குத் திரும்புகிற இடத்தில் ரோட்டில் ஒரு மேடு இருக்கிறது. பதினெட்டுப் பேரோடு அதில் ஏறி இறங்கினால் வண்டியின் அடிவயிறு தரையில் கர்ரென்று தேயும். கேட்கிற எனக்கு என் வயிறே தேய்கிற மாதிரி இருக்கும். "மொதலாளி, வண்டி தேயுது. கொஞ்சம் ஒசரமா டயர் போடுங்க" என்று நச்சரித்தேன். ஒரு நாள் இல்லை, பதினைந்து நாள் நச்சரித்தேன். அவருக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் அதிகம் ஓடாத ஒரு செட் டயர் இருந்தது. டயர் கடைக்காரர், "ரிம்முக்கு ஏறும்மா, ஆனா ஒரு சைஸ் ஒசரம்" என்றார். "ஒசரம்தான வேணும்? போடுங்கண்ணா" என்றேன்.

போட்டதும் வண்டி நிமிர்ந்து நின்றது. படியில் ஏறுவதற்குப் பெண்கள் புடவையைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது. போட்டோ எடுத்தார்கள். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சுற்றிச் சுற்றி வந்து, "வண்டி கெத்தா இருக்குதே" என்றார்கள். மேட்டில் ஏறினேன், ஒரு சத்தமும் இல்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

மாசியில் மைலேஜ் பத்தரைக்கு வந்தது. பங்குனியில் பத்து.

முதலில் நான்தான் முதலாளியிடம் சொன்னேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். திருடுகிறவள் தானே போய், "வண்டி கம்மியா குடுக்குது, இன்னான்னு பாக்கணும்" என்று சொல்வாளா? மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார், புதிதாகவே மாட்டினார். டீசல் எங்கேயாவது கசிகிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தார். நான்கு சக்கரத்தையும் தூக்கிவிட்டு, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று கையால் சுற்றினார். சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல" என்றார்.

அவர் எஞ்சின் பார்க்கிறவர். டயர் வேறொருவர் வேலை. எங்கள் ஊரில் அப்படித்தான். எஞ்சின்காரர் டயரைப் பார்க்க மாட்டார், டயர்காரர் மீட்டரைப் பார்க்க மாட்டார். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவள் நான். நானும் பார்க்கவில்லை. திண்டிவனத்துப் பாலத்தில் நான்காவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி, மூன்றாவது கேட்க ஆரம்பித்திருந்தது. அதை எஞ்சினின் சோம்பேறித்தனம் என்று நினைத்து வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியில் ஒன்றும் இல்லை என்று மெக்கானிக் சொன்ன மறுநாள் காலையில், ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேர் எதிரில், முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்: "வண்டியில ஒண்ணும் இல்லன்னா டிரைவர்கிட்டதான் இருக்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விரலை மடக்கினார். "பதினொண்ணு குடுத்தது பத்து குடுக்குது. ஒரு டேங்குக்கு அஞ்சரை லிட்டர். கரெக்டா ஒரு கேனு. உங்க தெருவுல யாருக்குமா ஊத்துற?"

எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டீ கிளாஸோடு நின்ற பத்துப் பேருக்கும் தெரியும்.  நேற்றுவரை வண்டி கெத்து என்றவர்கள் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. "நான் எடுக்கல மொதலாளி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. தண்ணீர் லாரிக்காரனையே சந்தியில் நிறுத்தி வாய் கிழியக் கத்துகிறவள் நான். அன்றைக்கு அந்த மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை. அதற்காக இன்னமும் என்மேலேயே எனக்குக் கோபம்.

அன்று மத்தியானம் அவர் வெல்டிங் கடைக்காரரைக் கம்பெனி வாசலுக்கே அனுப்பிவிட்டார். டேங்க் மூடியில் ஒரு வளையம், பக்கத்துத் தகட்டில் ஒரு வளையம், இரண்டையும் கோத்து ஒரு பூட்டு. வீட்டுக் கதவுக்குப் போடுகிற பித்தளைப் பூட்டு. சாவி முதலாளியின் சட்டைப் பையில். இனிமேல் சனிக்கிழமை டீசல் போட வேண்டுமென்றால் நான் போன் பண்ண வேண்டும். அவர் பைக்கில் பங்குக்கு வந்து, பூட்டைத் திறந்து, ஊற்றி முடித்ததும் பூட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்கள் படியில் கால் வைப்பதற்கு முன்னால் அந்தப் பூட்டைத்தான் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண், "இன்னாக்கா இது?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். "விட்டுடும்மா. வேற வண்டி பாத்துக்கலாம்" என்றார்.

நைனா அப்படித்தான் சொல்வார் என்று தெரியும். நான் ஆறாவது படிக்கும்போது அவர் ஒரு வேர்க்கடலைக் களத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை மல்லாட்டை குறைகிறது என்று அவரைச் சொன்னார்கள். நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கு நாள் கழித்துக் கணக்கப்பிள்ளை எண்ணியதில் பிசகு என்று தெரிந்தது. அது எங்களுக்கே வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். களத்துக்காரர்கள் ஒருவரும் வந்து சொல்லவில்லை. நைனாவும் போய்க் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தக் களம் இருக்கிற பக்கம் அவர் நடந்ததில்லை. ரேஷன் கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

"நீ கம்முனு வந்துட்ட நைனா. நான் வரமாட்டேன்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்தார்.

வேலையை விட்டால் இந்தத் தாலுகாவில் எந்த ஸ்டாண்டுக்குப் போனாலும், 'டீசல் எடுத்து மாட்டிக்கிச்சே, அந்தப் பொண்ணா?' என்றுதான் கேட்பார்கள். அந்தப் பேரோடு எனக்கு யார் சாவி கொடுப்பார்கள்? அதனால் அதே பூட்டோடு, அதே வண்டியை, மறுநாளும் ஆறு மணிக்கு எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். முகத்தை நிமிர்த்திக்கொண்டு எடுத்தேன்.

பூட்டுப் போட்டும் மைலேஜ் பத்துதான். முதல் சனிக்கிழமை முதலாளி பூட்டைத் திறந்து, ஊற்றி, போனில் தட்டிப் பார்த்தார். பத்து. "பாத்தீங்களா? சாவி உங்க பாக்கெட்லதான இருந்துச்சு?" என்றேன். பூட்டை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "டியூப் போட்டு அடியிலேர்ந்தும் உறிஞ்சலாம்" என்றார். அட கடவுளே! நான் பாம்பா, டேங்கின் அடிவயிற்றில் புகுந்து குடிக்க?

அன்றைக்கே முடிவு பண்ணினேன். டீசல் எங்கே போகிறது என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். வண்டியில் என் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன் சீட்டில் உட்காருகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவர்களில் மூத்தவள். வேன் ஓடினாலே அவளுக்கு வாந்தி வரும், அதனால் அந்த சீட்டை யாரும் கேட்க மாட்டார்கள். அவள்தான் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "இந்த வாரம் யாரும் ஏ.சி. கேக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். சித்திரை மாதம். ஜன்னலைத் திறந்தால் நெருப்புக் காற்று. ஒருவரும் கேட்கவில்லை. துப்பட்டாவை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே இருந்த கேரியரைக் கழற்றி வைத்தேன், காற்றைத் தடுக்குமே என்று. டயரில் காற்றைத் தினமும் பார்த்தேன். அறுபது என்பதை ஐம்பத்தைந்தாக்கினேன். எங்களை டிராக்டர்கூட முந்திக்கொண்டு போயிற்று.

அந்தச் சனிக்கிழமை பத்தேகால். இவ்வளவு பாடுபட்டும் கால்தான் கூடியது. பங்கில் வண்டியைக் குலுக்கிக்கொண்டிருந்த பெண்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? அழுதேன்.

திங்கள்கிழமை காலையில் முன் சீட்டு அக்காவுக்கு வழக்கம்போலக் குமட்டியது. அதற்கு அவள் ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். வண்டிக்குள்ளே பார்க்காமல் ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல்லை மட்டும் பார்த்து எண்ணிக்கொண்டே வருவாள். "இன்னும் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டாள். பேச்சுக் கொடுத்தால் குமட்டல் அடங்குமே என்று மீட்டரைப் பார்த்து, "நீ எண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து ஒம்போதர ஓடிட்டோம்க்கா" என்றேன்.

"ஒம்போதரையா? பத்தாவது கல்லு இப்பதான் போச்சு. உன் மீட்டரு தூங்குதா?"

நான் சிரித்தேன். அடுத்த நிமிஷம் என் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. "அக்கா, மறுபடி எண்ணு. இந்தக் கல்லுலேர்ந்து" என்றேன். குமட்டலை மறந்துவிட்டு எண்ணினாள். பத்துக் கல்லுக்கு மீட்டர் ஒன்பதரைகூட முழுசாகக் காட்டவில்லை. சாயங்காலம் திரும்பும்போது இன்னொரு பத்து. அதேதான். பின்னால் இருந்தவர்களும் எழுந்து ஜன்னலில் தொற்றிக்கொண்டு, "ஏழு! எட்டு!" என்று கத்தினார்கள். பைக்கில் வந்த ஒருவர் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒதுங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றி நடந்தேன். டயருக்கு முன்னால் நின்றேன். அப்போதுதான் உறைத்தது. மீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதைத்தான் எண்ணுகிறது. சக்கரம் பெரிசானால் அதே தூரத்துக்குச் சுற்று குறையும். வண்டி பத்து கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டர் ஒன்பதரைகூட இல்லை என்று குறைத்துச் சொல்லும். டீசல் மட்டும் பத்துக்கும் செலவாகியிருக்கும். காணாமல் போனது டீசல் இல்லை, கிலோமீட்டர். போதாததற்குப் பெரிய சக்கரத்தைச் சுற்ற எஞ்சினுக்குக் கூடுதல் பாடு. பாலத்தில் மூன்றாவது கியர் கேட்டது அதற்குத்தான். முதலாளி தேடின அந்த அஞ்சரை லிட்டரில் பாதிக்குமேல் மீட்டர் மறைத்தது, மிச்சத்தை அந்த டயர் தின்றது.

அந்த டயரைக் கேட்டு வாங்கினவள் யார்? நான்.

அன்று ராத்திரி வெகுநேரம் வாசலில் உட்கார்ந்து அதையே யோசித்தேன். திருடவில்லை என்று காட்ட ஒரே வழி, வண்டியைக் கெடுத்தது நான்தான் என்று காட்டுவது. 'திருடியில்லை, முட்டாள்' என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் மைலேஜில் ஆம்பிளைகளையெல்லாம் மட்டம் தட்டிக்கொண்டிருந்தவள். சொல்லாமல் விட்டால் திருடி. இரண்டில் எது தேவலாம் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. முட்டாள்தனத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். போனில் மேப்பைப் போட்டுத் தூரத்தைக் காட்டினேன். "போன்ல இன்னா வேணா காட்டும்" என்றார். கல்லை எண்ணியதைச் சொன்னேன். "கல்ல எவன் எங்க நட்டானோ" என்றார். போன் பொய், கல் பொய், நான் பொய். அந்த வேன் மீட்டர் மட்டும் அவருக்கு சத்தியம். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன், கையிலிருந்தால் எறிந்துவிடுவேனோ என்று.

"உங்க கார் மீட்டரு பொய் சொல்லுமா?" என்று கேட்டேன்.

"என் காரா? பதிமூணு வருஷமா ஒரு மீட்டர் தப்பினதில்ல."

"அப்ப ஞாயித்துக்கெழம வாங்க. நீங்க கார்ல முன்னால போங்க, நான் வண்டியில பின்னாலயே வரேன். இங்கேர்ந்து திண்டிவனம். ரெண்டு மீட்டரையும் பாப்போம். நான் சொல்றது தப்பா இருந்தா, அங்கியே சாவிய குடுத்துட்டு பஸ் ஏறி வந்துடறேன்."

ஸ்டாண்டில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டாண்டு கோட்டிலேயே இரண்டு வண்டியின் முன் சக்கரத்தையும் நிறுத்தி, இரண்டு மீட்டரையும் போனில் போட்டோ எடுத்தேன். முன் சீட்டு அக்கா விடுமுறை நாளில் வாந்தியையும் பொருட்படுத்தாமல் சாட்சிக்கு வந்து உட்கார்ந்தாள். கார் முன்னால் போனது. கோட்டை மலை கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே வந்தது.  கல்லை எண்ணினதில் பிசகு இருந்தால்? மேப் தப்பாக இருந்தால்? அவ்வளவு பேர் எதிரில் சொல்லிவிட்டேனே.  அக்கா கல்லையே பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

திண்டிவனத்தில் அவர் காரை ஓரம் கட்டினார். நான் பின்னாலேயே நிறுத்தினேன். அவர் மீட்டரில் இருபத்தெட்டு கூடியிருந்தது. என் வண்டிக்கு வந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். இருபத்தாறு தாண்டிக் கொஞ்சம். காருக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி பார்த்தார். வண்டி ஏமாற்றாமல் அவர் பின்னாலேயே வந்ததை காரின் கண்ணாடியிலேயே பார்த்திருக்கிறார். 

பிறகு டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். "இந்த டயர போடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப தப்பு உன்னுதுதான?"

"ஆமா. டயரு தப்பு என்னுது. ஸ்டாண்டுல வந்து சொல்றேன், எத்தினி பேர் இருந்தாலும் சொல்றேன். திருட்டு என்னுது இல்ல. ரெண்டையும் ஒண்ணா சேத்து முடிச்சு போடாதீங்க."

அவர் காரில் ஏறிக்கொண்டே, "சரி சரி, நாளைக்கு வண்டிய எடு" என்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார் போல.

திங்கள்கிழமை ஆறு மணி. ஸ்டாண்டில் ஏறுகிற பெண்கள் ஏறிவிட்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் வழக்கமான கூட்டம். முதலாளி சட்டைப் பையிலிருந்து பூட்டுச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தா, இனிமே நீயே வச்சிக்கோ."

சாவியை நான் வாங்கவில்லை. சாவி என்னிடம் இருந்தால் என்ன, அவரிடம் இருந்தால் என்ன? பூட்டு தொங்கிக்கொண்டுதானே இருக்கும். பார்க்கிறவர்களெல்லாம் எதற்குப் பூட்டு என்றுதானே கேட்பார்கள்.

"சாவி வேணாம் மொதலாளி. பூட்ட எடுங்க" என்றேன்.

"எடுக்கலாம், சாயங்காலம் எடுக்கலாம். வண்டிய எடு, டைம் ஆவுது."

"வண்டிய எடுக்கமாட்டேன். பூட்டையும் எடுங்க. அன்னிக்கி இங்க நின்னு இன்னா சொன்னீங்களோ அது தப்புன்னும் சொல்லுங்க. நான் மொதல்ல என் தப்ப சொல்றேன்." டீக்கடைப் பக்கம் திரும்பினேன். "ஒசர டயரு நான்தான் கேட்டேன். மைலேஜ் கொறஞ்சது அதனாலதான். அது என் புத்திகெட்டதனம். எல்லாரும் கேட்டுக்குங்க."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது அது உறைக்கவேயில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். லேட்டானால் கம்பெனி கேட்டில் பெண்களுக்குத்தான் திட்டு விழும். அது எனக்கும் தெரியும், அதுதான் என் தைரியத்தில் ஓட்டை. உள்ளேயிருந்து முன் சீட்டு அக்கா தலையை நீட்டி, "நாங்க லேட்டா போய்க்கிறோம். நீ இரு" என்றாள். பின்னாலிருந்தும் குரல்கள் வந்தன. "இரு இரு!" அந்த நேரத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

முதலாளி குனிந்தார். பூட்டைத் திறந்து, வளையத்திலிருந்து உருவினார். பிறகு டேங்க் மூடியைப் பார்த்தபடியே ஏதோ முணுமுணுத்தார். டீசல் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. டீக்கடைக்கு எங்கே கேட்கப் போகிறது?

நான் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். ஸ்டாண்டு அமைதியாகிவிட்டது. பாய்லரில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லுங்க மொதலாளி" என்றேன்.

சொன்னார். "இந்தப் பொண்ணு டீசல் எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்." சத்தமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பூட்டையும் சாவியையும் என் கையில் திணித்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எஞ்சினைப் போட்டேன். அன்று கம்பெனிக்குப் பதினோரு நிமிஷம் லேட். அந்த வழியில் அறுபதைத் தாண்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரமே பழைய சைஸ் டயர் போட்டோம். வண்டி மறுபடி குள்ளமாகிவிட்டது. சிங்கவரம் மேட்டில் இப்போது முதல் கியரில், நத்தையாக, சாய்வாக ஏறுகிறேன். எப்போதாவது தேய்கிறது, தேயட்டும். மைலேஜ் பதினொன்று. சில வாரம் பதினொன்றேகால். ஸ்டாண்டில் கேட்டால் சத்தமாகச் சொல்கிறேன். டேங்க் மூடியில் வெல்டிங் வைத்த இரண்டு வளையங்களும் அப்படியே இருக்கின்றன. அறுத்துவிடலாம் என்று முதலாளியே ஒருநாள் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

பூட்டு எங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவில் தொங்குகிறது. நல்ல பூட்டு, மழையிலும் துரு ஏறவில்லை. நைனா தினமும் காலையில் அதைத் திறக்கும்போது, ஏற்கெனவே பத்துத் தடவை கேட்டதையே மறுபடி கேட்பார்.

"எல்லார் எதிர்லயுமா சொன்னான்?"

"எல்லார் எதிர்லயும்தான் நைனா."

"கேக்கற மாதிரி சொன்னானா?"

"எஞ்சின நிறுத்திட்டு இல்ல சொல்ல வச்சேன்."

அவர் தலையை ஆட்டிக்கொள்வார். போன வாரம் ரேஷன் கடைக்குப் போனவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். கடை மூடியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, களத்துப் பக்கமாக நேர் வழியில் போனேன் என்றார்.